கடை தமிழனது, திறவுகோல் யாரது?

கதவுக்குப் பூட்டுச் செய்து கொடுத்த கொல்லனிடமே திறவுகோலையும் விட்டுவிட்டு வீடு திரும்பும் மாந்தன் உலகில் எங்கும் இரான். நெல் கொட்டி வைக்கப் பத்தாயம் செய்து கொடுத்த தச்சன் பெயருக்கே, அப் பத்தாயத்தையும் உள்ளிருக்கும் நெல்லையும் எழுதி வைத்துவிட்டு வாளாவிருக்கும் உழவன் காவிரிப் படுகையில் இன்றுவரை பிறந்ததில்லை. ஆயின், இவ்விரு பேதைமைகளையும் ஒருங்கே செய்து முடித்துவிட்டு, 'எம் கடைக்கும் வலைத்தளம் வந்துவிட்டது' என்று மார்தட்டிக் கொள்ளும் தமிழ் வணிகர் இன்று ஊர்தோறும் பெருகிவிட்டனர். பூட்டை வாங்கினர், திறவுகோலை வாங்க மறந்தனர். பெயர்ப்பலகையை எழுதுவித்தனர், அதில் தம் தாய்மொழியை எழுதுவிக்க மறந்தனர். இம் மறதிக்கு அவர்கள் கொடுக்கும் விலை சிறிதன்று.

திருக்கடையூரின் புதிய வாயில்

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடி வட்டத்திலுள்ள திருக்கடையூரை அறியாத தமிழர் இலர். பழம்பாடல்களில் கடவூர் என வழங்கும் அவ்வூர், சிவனியர் போற்றும் எட்டு வீரட்டங்களுள் ஒன்று. கூற்றுவனை உதைத்த இறைவன் உறையும் இடம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அந்நம்பிக்கையால் அறுபதும் எழுபதும் எண்பதும் நிறைந்த மூத்தோர், மக்களும் பெயரப் பிள்ளைகளும் சூழ இவ்வூருக்கு வந்து மீண்டும் மாலை மாற்றிக் கொள்கின்றனர். அவரவர் பிறந்த திங்களில், பிறந்த நாண்மீன் கூடும் நாளைப் பார்த்து வருவதால், ஆண்டு முழுவதும் அவ்வூரில் மணிவிழாதான். அதனைச் சார்ந்து விடுதி நடத்துவோர், மண்டபம் விடுவோர், சமையல் செய்வோர், பூக்கட்டுவோர், நாகசுரம் இசைப்போர், ஊர்தி ஓட்டுவோர், ஒளிப்படம் எடுப்போர் எனப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. வயல் சூழ்ந்த அவ்வூருக்குச் சோறு போடும் இன்னொரு வயல் இம் மணிவிழா எனலாம்.

முன்னாளில் அவ்வூர் விடுதிக்காரரைத் தேடி வருவோர் உறவினர் வாய்மொழியாலோ அஞ்சலட்டையாலோ வந்தனர். இன்று அவ்வழக்கம் மாறிவிட்டது. தந்தைக்கு மணிவிழா எடுக்க எண்ணும் மகன் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருந்து கைப்பேசியைத் தடவுகிறான். மண்டபம், அறை, சமையல், பூ ஆகிய அனைத்தையும் அக் கண்ணாடியிலேயே பார்த்து முடிவு செய்கிறான். ஆதலின் திருக்கடையூர் விடுதியின் முதல் வாயில் இன்று கோயிற்றெருவில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. அவ்வாயிலைக் கட்டித்தர ஓர் ஆள் வேண்டும் என்று வணிகர் தேடுவதில் தவறேதும் இல்லை. தேடும் முறையில்தான் தவறெல்லாம் இருக்கிறது.

பெரிய குழுமங்களை அமர்த்தும் அளவு பொருள் சிறு வணிகரிடம் இல்லை. ஆகவே அவர் நாடுவது, எந்நிறுவனத்திலும் அடங்காமல் தனியாளாக இருந்து, வேலைக்கு வேலை கூலி பேசி வலைத்தளம் அமைத்துத் தரும் இளைஞரையே. அவரை வலைத்தொழிலர் என்போம் எனின் பொருந்தும். தொலைபேசியிலேயே பேரம் முடிகிறது. முன்பணம் செல்கிறது. ஒரு வரி எழுத்தில்லை, ஒரு கையொப்பமில்லை. சில நாளில் கோபுரப் படத்தோடு ஒரு பக்கம் கண்ணாடியில் தோன்றுகிறது. அதில் மேலிருந்து கீழ்வரை ஆங்கிலம். 'நன்றாயிருக்கிறது' என்று விடுதிக்காரரின் மகன் சொல்கிறான். மீதப் பணமும் போய்ச் சேர்கிறது. ஒரு மாட்டை வாங்குவதற்கு முன் பல்லைப் பிடித்துப் பார்க்கும் ஊர், ஒரு காணி நிலம் வாங்குவதற்கு முன் முப்பதாண்டு வில்லங்கம் பார்க்கும் ஊர், தன் வணிகத்தின் தலைவாயிலை வாங்கும்போது மட்டும் ஒன்றும் பார்ப்பதில்லை!

எழுதப்படாத பட்டா

வலைத்தளம் என்பது ஒரே பொருள் அன்று. மூன்று பொருள்களின் கூட்டு என்பதை வணிகர் முதற்கண் உணர்தல் வேண்டும். ஒன்று, 'டொமைன்' என்று வலைத்தொழிலர் சொல்லும் முகவரிப் பெயர். இரண்டு, 'ஓஸ்ட்டிங்' என்று அவர் சொல்லும் இடம். அஃதாவது, அப் பக்கங்கள் குடியிருக்கும் வழங்கிக் கணினியில் வாடகைக்குப் பெற்ற மூலை. மூன்று, அப் பக்கங்களை இயக்கும் நிரலும், அவற்றிலுள்ள எழுத்தும் படமும். இம் மூன்றுக்கும் மூன்று வேறு திறவுகோல்கள் உள. மூன்றும் யாரிடம் இருக்கின்றனவோ அவரே அக் கடையின் உண்மை உடையவர்.

முகவரிப் பெயரை எவரும் அறுதியாக வாங்குவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை எனக் கட்டணம் கட்டிக் குத்தகைக்கே எடுக்கின்றனர். அக் குத்தகையின் பதிவேட்டில் யார் பெயர், யார் மின்னஞ்சல் உள்ளதோ அவரே அப் பெயரின் உடையவராகக் கொள்ளப்படுவார். பணம் கொடுத்தவர் வேறு எவராயினும் பதிவகம் அதனைக் கேளாது. வேலையை விரைந்து முடிக்கும் பொருட்டு வலைத்தொழிலர் தம் பெயரிலேயே பதிந்து விடுகிறார். பெரும்பாலும் இதில் சூதில்லை, விரைவே உண்டு. ஆயினும் விளைவு ஒன்றே. விடுதி ஒருவருடையது, பட்டா இன்னொருவருடையது!

பின்னர் என்ன நேரும்? இவ்வாறு வலைத்தளம் எடுத்த விடுதிக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்க. இரண்டாண்டு கழிகிறது. வலைத்தொழிலருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. கைப்பேசி எண் மாறுகிறது. குத்தகை முடியப் போகிறது என்னும் அறிவிப்புகள் அவருடைய பழைய மின்னஞ்சற் பெட்டியில் படிப்பாரின்றிக் குவிகின்றன. ஒருநாட் காலை விடுதியின் பக்கம் கண்ணாடியில் இல்லை. புதுப்பிக்கப் பதிவகம் தரும் தவணையும் கடந்துவிட்டால் அப் பெயர் பொதுச் சந்தைக்கு வருகிறது. முந்துகின்றவன் எடுத்துக் கொள்கிறான். அம் முந்துகின்றவன் ஊரிலே ஒரு செங்கல்லும் இல்லாத தரகனாக இருந்தால்? அதே பெயர், அதே கோபுரப் படம். முன்பணம் செலுத்தும் இடத்தில் மட்டும் வேறு வங்கிக் கணக்கு!

இழப்பு விடுதிக்காரரோடு முடிவதில்லை. மணிவிழா நாள் மாற்றி வைக்கத்தக்க நாளன்று. பிறந்த திங்களின் நாண்மீன் நாள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே அமையும். எண்பது வயது நிரம்பிய மூத்த இணையர் உற்றார் ஐம்பதின்மரோடு விடியற்காலையில் வந்திறங்கி, 'அப்படி ஒரு முன்பதிவு எம்மிடம் இல்லையே' என்னும் விடையைக் கேட்டால், அவர்கள் இழந்தது பணம் மட்டுமா? அடுத்த ஆண்டு அந்நாள் வரும். இருவரும் இருப்பர் என்பதற்கு உறுதி யார் தருவார்? ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காத சோம்பல், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் விழாவைக் குலைக்கும் ஆற்றலுடையது என்றறிக.

சட்டம் யார் பக்கம்?

'பணம் கொடுத்தவன் நான். பொருள் எனதே' என்று வணிகர் கூறுவர். சட்டம் அப்படிக் கூறவில்லை. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. அச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, திங்கட் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளியைச் சேரும். தனியாளாகக் கூலி பேசிச் செய்து தருபவர் எழுதிய நிரலோ, வேறு உடன்பாடு இல்லையேல், எழுதியவரையே சேரும். அதே பிரிவில், விலை கொடுத்து எடுப்பித்த ஒளிப்படம் எடுப்பித்தவரைச் சேரும் என்றிருக்கிறது. மண்டபத்தின் படம் விடுதிக்காரருடையது. அப் படத்தைக் காட்டும் நிரல் அவருடையதன்று! இவ் வேறுபாட்டை அறிந்த சிறு வணிகர் எத்துணைப் பேர்?

உரிமையை மாற்றித் தரும் வழி 19-ஆம் பிரிவில் உள்ளது. எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை தருபவர் கையொப்பமிட வேண்டும். எந்தப் படைப்பு, எவ்வுரிமைகள், எவ்வளவு காலம், எந்நிலப்பரப்பு என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்புக் குறிக்காவிடில் இந்தியாவிற்குள் என்றே கொள்ளப்படும். வாய்ச்சொல் இங்குச் செல்லாது. 'தம்பி நல்ல பிள்ளை' என்பது ஆவணமாகாது.

முகவரிப் பெயரைப் பற்றியும் சட்டம் வாய்திறந்துள்ளது. 2004-ஆம் ஆண்டில் சத்யம் இன்ஃபோவே – சிஃபிநெட் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், இணைய முகவரிப் பெயரும் வணிகப் பெயரைப் போன்றே காக்கப்படத் தக்கது என்று தீர்ப்பளித்தது. '.இன்' என முடியும் பெயர்களைத் தீய நோக்கோடு கைப்பற்றியவரிடமிருந்து மீட்க நடுவர் முறையும் உண்டு. ஆயின் அவ்வழிகளில் நடக்கப் பொருளும் காலமும் வேண்டும். பத்து அறை விடுதி நடத்துபவர் வழக்குரைஞருக்குக் கொடுக்கும் முதல் தவணையே வலைத்தளத்துக்குக் கொடுத்த கூலியை விழுங்கி விடும். மடையை அடைக்கச் சோம்பியவன் வெள்ளத்தை அடைக்க முனைவது போன்றது அது.

தமிழில்லாத பலகை

திறவுகோலை இழந்தது ஒரு பிழை. மொழியை இழந்தது அதனினும் பெரும்பிழை. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948-ஆம் ஆண்டு விதிகள், பெயர்ப்பலகையில் தமிழ் இருத்தல் வேண்டும் என்கின்றன. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்னும் அளவும் வகுக்கப்பட்டுள்ளது. அவ்விதிக்கு அஞ்சிச் சுவரில் தமிழ் எழுதும் வணிகர், அச்சம் இல்லாத இடத்தில், இணையத்தில், ஓர் எழுத்தும் தமிழில் எழுதுவதில்லை. சுவர்ப்பலகையைத் தெருவில் போவோர் சிலர் காண்பர்; இணையப்பலகையை உலகம் காணும். சிலர் காண்பதில் தமிழ். உலகம் காண்பதில் ஆங்கிலம்! இதனினும் வெட்கம் வேறுண்டோ?

அவ் ஆங்கிலத்தினும் ஒரு விந்தை உண்டு. பாதி ஆங்கிலம்; மீதி வடமொழி. 'சஷ்டியப்தபூர்த்தி பேக்கேஜ்', 'சதாபிஷேகம் பேக்கேஜ்' என்று நாவை முறுக்கும் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்குகின்றனர். மணிவிழா என்னும் நான்கெழுத்துச் சொல் அவர்களுக்குத் தெரியாததன்று. மண்டபத்து வாயிலில் பூவால் எழுதி வைப்பது அச் சொல்லைத்தான். பூவில் எழுதத் தகுந்த சொல் மின்னெழுத்தில் எழுதத் தகாதோ? 'அறுபதாம் ஆண்டு மணிவிழா', 'எண்பதாம் ஆண்டு விழா' என்று எழுதினால் எந்தத் தமிழருக்கு விளங்காமற் போகும்?

இது சொல்லழகு பற்றிய பூசல் மட்டும் அன்று. பணம் பற்றிய செய்தியும் ஆகும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை பேருக்கு இலை, அறை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்னும் கட்டுப்பாடுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் பொடியெழுத்தில் கிடக்கின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் 'உடன்படுகிறேன்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பொத்தானை அழுத்தி விடுகிறார். எதற்கு உடன்பட்டார் என்பது அவருக்கே தெரியாது. இந்நிலை மாற வேண்டும் என்பதை ஒன்றிய அரசின் சட்டமே உணர்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு எண்ம முறைத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், ஒருவருடைய பெயர், எண் முதலியவற்றைப் பெற இசைவு கேட்கும்போது, அவ் வேண்டுகோளை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ பார்க்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அவ் அட்டவணையில் உள்ள மொழி. தில்லிச் சட்டமே தமிழுக்கு விட்ட இடத்தைத் திருக்கடையூர் வணிகர் விடவில்லை என்றால், குற்றத்தை யார்மேற் சுமத்துவது?

போலிக் கரணியங்கள்

'கணினியில் தமிழ் சரியாக வாராது' என்பது வலைத்தொழிலர் சிலர் கூறும் முதற் கரணியம். இது முப்பதாண்டுப் பழைய கதை. உலக எழுத்துகளை எல்லாம் ஒரு முறைக்குள் கொணர்ந்த ஒருங்குறி, 1991-இல் வந்த தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் அலுவலுக்குரிய முறைகளுள் ஒன்றாக ஏற்றது. முகவரிப் பெயரே தமிழெழுத்தில் அமையும் வகையில் 2010-இல் '.இலங்கை'யும், 2011-இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியனவும் உலக இணைய வேர்ப்பட்டியலில் ஏறிவிட்டன. தமிழ் வாராத இடம் கணினியன்று. 'வாராது' என்பாரின் நெஞ்சமே.

'வேற்று மாநிலத்தாரும் வருகின்றனரே' என்பது இரண்டாவது. வரட்டும், அவர்களுக்கு ஆங்கிலப் பக்கம் இரண்டாவதாக இருக்கட்டும், தெலுங்கும் கன்னடமும்கூட இருக்கட்டும். விருந்தினருக்குப் பாய் விரிக்க வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு விரிக்க வேண்டாம் என்பதே கூற்று. 'தமிழ் முகவரியை வெளிநாட்டில் எப்படித் தட்டுவர்?' என்பார்க்கும் விடை எளிது: ஆங்கில எழுத்து முகவரி ஒன்றும் தமிழ் முகவரி ஒன்றும் பதிந்து, இரண்டும் ஒரே தளத்துக்கு வருமாறு அமைக்க இயலும். ஒரு வீட்டுக்கு இரு வாயில் இருப்பது புதுமையன்று.

'கூகுள் தானே மொழிபெயர்த்துக் கொள்ளும்' என்பது மூன்றாவது. பொறி பெயர்த்த தமிழை அப்படியே ஏற்றிவிட்டுப் படித்தும் பாராத பக்கங்கள் பல. விருந்தினரை வரவேற்கும் வரியில் எழுவாய் ஒருபுறம், பயனிலை ஒருபுறம்! திருமண அழைப்பிதழில் ஒற்றுப் பிழை இருந்தால் மறுபடி அச்சிடச் செய்யும் குடும்பம், ஆண்டு முழுவதும் உலகம் படிக்கும் பக்கத்தில் இதனைப் பொறுத்துக் கொள்ளலாமோ? ஊரில் தமிழாசிரியர் ஒருவர் இல்லாமற் போகவில்லை. ஒரு மாலைப்பொழுதில் பத்துப் பக்கத்தைத் திருத்தித் தர அவர்க்கு இயலும்.

பொறையாறு அறிந்தது, திருக்கடையூர் மறந்தது

இக் கரணியங்களைக் கூறுவோர் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட தரங்கம்பாடிவரை ஒருமுறை சென்று வருவாராக. தென்மார்க்கு நாட்டார் கோட்டை கட்டி ஆண்ட அக் கடலூருக்கு 1706-ஆம் ஆண்டில் செருமானியர் சீகன்பால்கு வந்தார். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை தமிழ் கற்றதே. தமிழ் அச்சேறியது அவர்க்கும் முன்னரே. 1578-இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆயினும் அம் முயற்சிகள் தொடராமற் போயின. சீகன்பால்கு செருமனியின் ஆலே நகரில் வார்ப்பித்த தமிழெழுத்துகளைக் கடல் கடந்து கொணர்வித்தார். அவை அளவிற் பெரியனவாய்த் தாளை விழுங்கின. 'தமிழுக்கு இடம் போதாது. ஆங்கிலத்தில் அச்சிடுவோம்' என்று அவர் கைவிடவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் வைத்தனர். 1715-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறி முடிந்தது.

அவர் நோக்கம் தம் சமயத்தைப் பரப்புவது. அதனை இங்கு ஆராய வேண்டுவதில்லை. தமிழரை அடையத் தமிழே வழி என்பதை அவ் அயலார் முந்நூறு ஆண்டுக்கு முன் உணர்ந்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஈயத்தை உருக்கி ஒவ்வோர் எழுத்தாக வார்த்தவருக்கு வாராத சலிப்பு, விரலால் தொட்டாலே தமிழ் வந்து விழும் காலத்தில் வாழும் தமிழருக்கு வருகிறதே!

வலைத்தொழிலர் பகைவரல்லர்

இத்துணையும் கூறியதால் வலைத்தொழிலரைக் கள்வர் என்று கூறியதாகக் கொள்ளலாகாது. அவர்களிற் பலர் இப் படுகை மண்ணின் மக்களே. தந்தை வயலை ஒத்திக்கு வைத்துப் படிக்க வைத்த பிள்ளைகளே. அவர்களுக்கு வணிகர் இழைக்கும் கொடுமையும் சிறிதன்று. இருபதாயிரம் உருபா வேலையை எட்டாயிரத்துக்குப் பேசி முடிப்பர். ஐந்து பக்கம் என்று தொடங்கிப் பதினைந்து பக்கம் கேட்பர். வண்ணத்தை ஏழுமுறை மாற்றச் சொல்வர். அறைக் கட்டணப் பட்டியலைத் தராமல் இரண்டு திங்கள் இழுத்தடித்துவிட்டு, 'தளம் ஏன் முடியவில்லை?' என்று சினப்பர். மீதக் கூலியைக் கேட்டால் 'விழா முடியட்டும்' என்பர். கூலி வாராது என்று அஞ்சும் தொழிலர் திறவுகோலைத் தம் மடியில் முடிந்து கொள்வது வியப்பா? எழுத்தில்லாத பேச்சு இருவரையும் கெடுக்கிறது. கூலி கொடாதவன் திறவுகோல் கேட்கும் தகுதியை இழக்கிறான். திறவுகோல் கொடாதவன் கூலி கேட்கும் தகுதியை இழக்கிறான்.

தமிழில் எழுதுக!

ஆதலின் வேலை தொடங்கும் முன்னரே உடன்படிக்கை ஒன்று எழுதப்படுதல் வேண்டும். அது தமிழில் எழுதப்படுதல் வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் உடன்படிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் கூறவில்லை. நிலக்குத்தகையைத் தமிழில் எழுதிய தஞ்சைத் தரணிக்கு இணையக் குத்தகையைத் தமிழில் எழுதுவது அரிதன்று. அதில் இருக்க வேண்டுவன இவை:

முதலாவது, முகவரிப் பெயர் வணிகரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதியப்பட வேண்டும்; கட்டணம் அவர் கணக்கிலிருந்தே செல்ல வேண்டும்.

இரண்டாவது, இடவாடகைக் கணக்கும், கூகுள் நிலப்படத்தில் கடையின் பதிவும், பணம் வந்து சேரும் கணக்கும் வணிகருடையனவாகவே தொடங்கப்பட வேண்டும். வலைத்தொழிலருக்கு வேலை செய்யும் நாள்வரை மட்டும் நுழைவு தரப்பட வேண்டும்.

மூன்றாவது, எத்தனை பக்கம், என்னென்ன வசதி, எத்தனை முறை திருத்தம், எந்நாளுக்குள் என்பன எண்ணிட்டு எழுதப்பட வேண்டும். மிகுதி வேலைக்கு மிகுதிக் கூலி என்பதும் எழுதப்பட வேண்டும்.

நான்காவது, கூலி மூன்று தவணையாக அமைய வேண்டும்: தொடக்கத்தில் ஒன்று, பக்கங்களைக் காட்டியபின் ஒன்று, திறவுகோல்கள் அனைத்தும் கைமாறிய அன்றே இறுதித் தவணை.

ஐந்தாவது, நிரலின் உரிமை வணிகருக்கு மாற்றித் தரப்படுகிறது என்பதும், அதன் காலமும் நிலப்பரப்பும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். வேர்ட்பிரசு போன்ற கட்டற்ற மென்பொருளின்மேல் தளம் கட்டப்பட்டால், எது பொதுப்பொருள், எது புதிதாக எழுதியது என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

ஆறாவது, முதற்பக்கம் தமிழாக இருக்க வேண்டும். எழுத்துகள் ஒருங்குறியில் இருக்க வேண்டும். படமாக வரைந்து ஒட்டப்படலாகாது. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளும் என்று நம்பியிருக்க இயலாது. கண் குறைந்தோர்க்குப் படித்துக் காட்டும் பொறியும் அதன்முன் தடுமாறும். கொம்பும் காலும் சுழியும் வெட்டுப்படாமல் தெரிகின்றனவா என்று விலை குறைந்த கைப்பேசி ஒன்றிலும் பார்க்கப்பட வேண்டும்.

ஏழாவது, தளத்தின் முழுப்படி ஒன்று திங்கள்தோறும் வணிகரிடம் சேர வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது, அதற்குக் கூலி எவ்வளவு என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காத தளம் தாழ்ப்பாள் கழன்ற வீடு.

இவ் ஏழும் ஒரு முழுத்தாளில் அடங்கும். இரு படி எடுத்து இருவரும் கையொப்பமிட அரைமணி நேரம் ஆகாது. அவ் அரைமணி நேரத்தைச் செலவிடாதவர் பின்னாளில் எத்தனை நாளை எத்தனை வாயில்களில் நின்று கழிக்க நேரும் என்பதை எண்ணிக் கொள்ளட்டும்.

மாயூரம் என்று திரிக்கப்பட்டிருந்த ஊர் மயிலாடுதுறை என்னும் தன் பெயரை மீட்டுக் கொண்டது. அதே மயிலாடுதுறையிலும் தரங்கம்பாடியிலும் முன்சீப்பாக அமர்ந்து முறை வழங்கிய வேதநாயகர், 1826 முதல் 1889 வரை வாழ்ந்தவர், மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் ஆக்கினார். தமிழரின் வழக்கைத் தமிழருக்கு விளங்காத மொழியில் ஆடுவதைக் கடிந்தார். வெள்ளையர் ஆட்சியில், வெள்ளையர் தந்த இருக்கையில் அமர்ந்துகொண்டே அவர் அதனைக் கூறினார். இன்று தம் கடையில், தம் இருக்கையில் அமர்ந்திருக்கும் வணிகர் யாருக்கு அஞ்சுகின்றனர்?

திருக்கடையூர் வணிகரே! தமிழ்நாட்டுச் சிறு வணிகரே! வலை வீசுகின்றவன் மீனைப் பெறுவான். வலையில் வீழ்கின்றவன் மீனாவான். இன்றே உங்கள் வலைத்தொழிலரை அழையுங்கள். நிலுவைக் கூலி ஏதும் இருப்பின் முதலில் அதனைக் கொடுங்கள். பின்னர், 'முகவரி யார் பெயரில் உள்ளது?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை உங்கள் பெயராக இல்லாவிட்டால், அதனை மாற்றி எழுதும்வரை உறங்காதீர்கள். மாற்றி எழுதிய அன்றே முதற்பக்கத்தில் உங்கள் கடையின் பெயரைத் தமிழில் பொறியுங்கள். கடை தமிழனது, பெயரும் தமிழாகுக! திறவுகோலும் தமிழன் கையிலேயே இருக்க!